ஏழில் மிஞ்சிய காய்

முதலில் கெடுத்தவன் சங்கிலிபூதம்தான். மற்றவர்கள் எல்லாம் அவனுக்குப் பிறகு. பலவேசம் இதை வாய்விட்டுச் சொல்லி ஒன்பது வருஷம் இருக்கும்; மனசுக்குள் சொல்லாத நாள் கிடையாது. இப்போதும், மார்கழிக் காலை வெயில் முதுகில் ஏற ஏற, வீட்டுக்குப் பின்னால் சுவரோரத்தில் மூன்றாவது குழிக்கு முன் குத்தவைத்து உட்கார்ந்து, பூசணிக்கொடியின் அடித்தண்டில் அப்பியிருந்த ஈரக் கரிசலைக் கட்டைவிரலால் வழித்துக்கொண்டே அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். இடது கையில் காய் நறுக்குகிற கத்தி. அறுப்பதா, வேண்டாமா? தண்டு தரையைத் தொடுகிற இடத்தில் தோல் கழன்று, உள்ளே வெந்த வெங்காயம் மாதிரி கொழகொழத்துவிட்டது. அழுகல் மேலே ஏறுவதற்குள் அறுத்து எறிந்துவிட வேண்டும். ஆனால் அடியை அறுத்துவிட்டால் கொடி எதைக் குடித்துப் பிழைக்கும்? அது சுவரில் நேராக ஏறி, உச்சியைத் தாண்டி, அந்தப்பக்கம் இறங்கிவிட்டது. காயும் அந்தப்பக்கம்தான் இருக்கிறது. நட்ட கொடி மூன்றில் மிஞ்சியது இது ஒன்று. பிடித்த காய் ஏழில் மிஞ்சியது அது ஒன்று. பொங்கலுக்கு இன்னும் இருபத்தாறு நாள். மகள் சண்முகக்கனி வீட்டுக்குப் பொங்கல்படிச் சீர் கொண்டுபோக வேண்டும். கரும்பைக் கடையில் வாங்கலாம், கிழங்கை வாங்கலாம், மஞ்சள்குலையை வாங்கலாம். பூசணிக்காய் மட்டும் இந்த மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும். அவளைக் கட்டிக்கொடுத்த வருஷத்திலிருந்து அப்படித்தான். சம்பந்தி வீட்டுத் தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெரிய காயைத் தோளில் ஏற்றி, அந்தத் தெரு முழுக்க நடந்து போவார். வருஷத்தில் அந்த இருநூறு அடி தூரம்தான் அவருக்குத் தலை நிமிரும். ஏனென்றால் அதே ஆட்கள்தான் அன்றைக்கு அவர் தலை குனிந்ததைப் பார்த்தவர்கள். குனிய வைத்தவன் சங்கிலிபூதம். மனைவி உச்சிமாகாளியின் தம்பி, சொந்த மச்சினன், கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். மணவறைக்குப் பெண்ணைக் கைப்பிடித்துக் கூட்டிவர வேண்டியவன், பத்திரிகையில் தன் பேர் மூன்றாவது வரியில் போட்டிருக்கிறது என்று மண்டபத்துக்கு எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டான். முகூர்த்தம் முடிய இருபது நிமிஷம். மேளக்காரன் வாசித்ததையே வாசிக்கிறான். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் காதில் ஒருவர் பேசுகிறார்கள். பலவேசம் புது வேட்டி தடுக்கத் தடுக்க ரோட்டைத் தாண்டிப்போய், டீக்கடை பெஞ்சுக்கு முன்னால் நின்று, ஊர் பார்க்கக் கை கூப்பினார். அவன் பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்தான். முக்கியதைத் தின்றான். மிச்சப் பாதியையும் முக்கித் தின்றான். வாயைத் துடைத்தான். அப்புறம்தான் எழுந்தான். அந்தப் பாதிப் பன்னைத் தின்ன அவனுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று இன்றைக்குக் கேட்டாலும் பலவேசம் சொல்லுவார்.

அவன் மன்னிப்புக் கேட்டு காலில் விழ வேண்டாம். "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு அத்தான்" என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அது வரவில்லை. வராததால், மாமனார் மகளுக்குப் பாதி மகனுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்திருந்த ஐந்து சென்ட்டுக்கு நடுவில் பலவேசம் தன் கையாலேயே ஆளுயரத்துக்குச் சுவர் வைத்தார். அதன் பிறகு அந்தப்பக்கத்திலிருந்து இருமல் கேட்கும், ரேடியோ கேட்கும், பேச்சு கேட்டதில்லை. இந்தக் கார்த்திகை பிறந்த முதல் வாரம்தான் கேட்டது. இவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சுவருக்கு மேலே ஒரு தலை, நரைத்துப்போன தலை, எழும்பியது. ஒரு கை வந்தது. அந்தக் கையில் சுட்டுவிரல் நீண்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று பிஞ்சு பிஞ்சாகக் குத்திக் காட்டி எண்ணி, அந்தப்பக்கம் இறங்கிய கொடியில் இருந்ததையும் சேர்த்து "ஏழு" என்று முடித்தது. அவ்வளவுதான். தலை இறங்கிவிட்டது. பலவேசத்துக்குக் கையில் வாளி இருப்பதே மறந்துபோய்த் தண்ணீர் காலில் கொட்டியது. பூசணிப் பிஞ்சுக்கு நேராக எவனாவது விரலை நீட்டுவானா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், நீட்டினால் பிஞ்சு அழுகிப்போகும், காட்டத்தான் வேண்டுமென்றால் விரலை மடக்கி முட்டியால் காட்ட வேண்டும். ஒன்பது வருஷமாகப் பேசாத வாய் பேசிய முதல் பேச்சு, பிஞ்சை எண்ணியது. சரியாக ஆறாம் நாள் முதல் குழிக் கொடி, காலையில் நன்றாக இருந்தது, மத்தியானம் வெந்நீர் ஊற்றியது போலத் தொங்கிவிட்டது. சாயங்காலம் கொஞ்சம் நிமிர்ந்தது. மறுநாள் நிமிரவே இல்லை. அதில் மூன்று காய். பத்து நாள் கழித்து இரண்டாவது குழி. அதிலும் மூன்று. ஆறு பிஞ்சும் அடிப்பக்கம் பழுப்புத் தட்டி, தொட்டால் விரல் உள்ளே போகிற மாதிரி நைந்தன; ஒவ்வொன்றாக அவர் முறத்தில் அள்ளினார். "விரல்," என்று உச்சிமாகாளியிடம் சொன்னார். "அவன் விரல்." அவள், "ஆமா, அவன் வெரலுல விசம் வச்சிருக்கான்," என்று அரிசி களைந்துகொண்டே சொன்னாள். சிரித்தாளா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பு, சிரிப்பாக இருந்தால், அதுவும் அவருக்குள் ஒரு ஓரத்தில் இருக்கிறது.

கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் மண்ணை வழித்தது. வழித்த இடத்தில் அது தெரிந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தார், மறுபடி பார்த்துவிட்டார். வெள்ளை. பஞ்சைப் பிரித்து விசிறி மாதிரி விரித்து, ஈர விரலால் தண்டின்மேல் ஒற்றி வைத்தது போன்ற வெள்ளை. ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்து, ஒவ்வொரு நூலும் மண்ணுக்குள் எங்கேயோ போகிறது. அதற்கு நடுவில் கடுகு. கடுகேதான், வாங்கிக் கொட்டியதுபோல, சில வெள்ளையாக, சில தேன் நிறத்தில், சில நல்ல பழுப்பில், உருண்டை உருண்டையாக. தீப்பெட்டி ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் மருந்து முக்கினவர் அவர். மரச்சட்டத்தில் அடுக்கி வருகிற குச்சி ஆயிரக்கணக்கில், எல்லாம் ஒரே உயரம், ஒரே முக்கில் எல்லாத் தலையிலும் ஒரே அளவு மருந்து ஏற வேண்டும்; ஏறியதும் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு நிமிஷம் அவருக்கே பெருமையாக இருக்கும். இத்தனை உருண்டையை இத்தனை சீராக இதற்கு யார் முக்கிக் கொடுத்தது? கை இல்லை, சட்டம் இல்லை, வெளிச்சம் இல்லை. இருட்டு மண்ணுக்குள்ளே. செத்த இரண்டாவது கொடியின் அடித்தண்டைக் கவரில் போட்டு உரக்கடைக்குக் கொண்டுபோனபோது, கடைக்காரர் ஞானதுரை கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைக் கிட்டத்தில் பார்த்தார். "இது பூச்சி இல்ல அண்ணாச்சி. மண்ணுல இருந்து வாரது. பூஞ்சாணம். இந்தக் கடுகு இருக்கு பாத்தியளா, இது திங்காம குடிக்காம மண்ணுக்குள்ள நாலஞ்சு வருசம்கூட கெடக்கும். ஈரமும் சூடும் தோதாப் பட்டுதுன்னா முழிச்சிரும்." "நாலஞ்சு வருசமா?" என்று இவர் கேட்டார். "ஆமா." "ஒண்ணும் திங்காம?" "ஒண்ணும் திங்காம." பலவேசம் கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். காத்துக் கிடப்பது என்றால் என்ன என்று தெரிந்த ஒன்றை வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பார்த்தார். யார்மேலாவது கோபமா அதற்கு? ஒருவர்மேலும் கிடையாது. சும்மாவே காத்துக் கிடக்கிறது. அவருக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்தது. கூடவே, தான் அதைவிட நாலு வருஷம் கூடுதல் என்ற நினைப்பும் வந்தது.

"கடலைத்தோடு எதுவும் தண்டோட ஒட்டிக் குவிச்சியளா?" என்று ஞானதுரை கேட்டார். "கடலைக்கும் இதே நோவுதான் வரும். தோட்டுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்." "இல்லையே," என்றார் பலவேசம். சட்டென்று வந்துவிட்டது அந்த இல்லையே. செக்குக்காரனிடம் சும்மா வாங்கிவந்த இரண்டு சாக்குத் தோட்டை, ஐப்பசி மழைக்கு முன்னால், குழந்தைக்குக் கழுத்துவரை போர்த்துவது போல ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் குவித்து, மேலேயே தண்ணீரும் ஊற்றியது இந்தக் கைதான். கரிசல் பிடித்த தண்ணீரை விடுமா? இல்லையே என்று சொன்னது இந்த வாய்தான். வீட்டுக்கு வந்து, உச்சிமாகாளி ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, தோடு முழுவதையும் வாரி எரித்தார். எரிந்தது, ஆனால் புகை அதிகம். விரல்தான். தோடும் இருக்கலாம், ஆனால் விரல்தான். தோடு ஐப்பசியிலிருந்து கிடந்தது, ஒன்றும் ஆகவில்லை. விரல் நீண்ட ஆறாம் நாள் ஆயிற்று. ஆனால் இந்த வெள்ளை ஆறு நாளில் வந்ததா? அதற்கு முன்னாலேயே கீழே நடந்துகொண்டு இருந்திருக்குமே. முதல் குழியிலிருந்து இரண்டாவது குழி ஆறடி, இரண்டிலிருந்து மூன்று ஆறடி. கண் இல்லாதது, கால் இல்லாதது, குழி தப்பாமல் வந்திருக்கிறது. மேலே இவர் செருப்புப் போட்டு நடந்துகொண்டிருந்தார், பல் துலக்கித் துப்பினார், வெயில் காய்ந்தார். கீழே அது வந்துகொண்டிருந்தது. எங்கே இல்லை அது? அடுப்படிக்குக் கீழே இருக்குமா? கட்டிலுக்குக் கீழே, சிமெண்டுக்குக் கீழே, அவர் படுத்துத் தூங்குகிற இடத்துக்கு நேர் கீழே? மருந்தென்றால் நெடி வரும், நெடி வந்தால் ஓடிவிடலாம். ஆபீஸில் அப்படி மூன்று தடவை ஓடியிருக்கிறார். இதற்கு நெடியும் இல்லை. மழைக்குப் பிறகு மண் மணக்குமே, அந்த மணம்தான். நல்ல மணம். ஞானதுரை கொடுத்த பச்சைப் பொடியைச் சாணியில் கலந்து மூன்று நாளாகத் தூவுகிறார். "இதுவும் பூஞ்சாணம்தான் அண்ணாச்சி. இது அதத் தின்னும்" என்றார். அப்படியென்றால் இந்த நிமிஷம், இந்தக் கத்தி நுனிக்குக் கீழே, ஒன்று ஒன்றைத் தின்றுகொண்டிருக்கிறது. சத்தமே இல்லாமல். அந்த இருட்டுக்குள் தன் பேரோ சங்கிலிபூதம் பேரோ யாருக்கும் தெரியாது. அவருக்கு என்னவோ சின்னப் பையனாகக் கோவில் தேரை முதல்முறை கிட்டத்தில் பார்த்தபோது வாய் பிளந்து நின்றது போல இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"ஏங்க, என் கத்திய எங்க?" அடுக்களையிலிருந்து உச்சிமாகாளி. "இங்க இருக்கு." "அத வச்சுச் செடியவா அறுக்கப் போறீய? கொழம்புக்கு நான் பல்லாலயா கடிக்க?" "சும்மா கெடளா." அவள் சும்மா கிடப்பாள், இன்னும் கொஞ்ச நேரம். கத்தியைத் தண்டில் வைத்தார். எடுத்தார். ஒரு விஷயம் இடித்தது. மற்ற இரண்டு கொடியும் இதில் பாதிகூட அழுகுவதற்குள் தொங்கிவிட்டன. இதன் அடித்தண்டில் சுற்றளவில் முக்கால்வாசி போய்விட்டது, ஆனால் மேலே இலை ஒவ்வொன்றும் தட்டு மாதிரி விரிந்து நிற்கிறது. எதைக் குடிக்கிறது? எழுந்தார். முழங்கால் இரண்டும் சொடுக்கின. பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஏறி, சுவர் வைத்த நாளிலிருந்து முதல்முறையாக அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தார். காய் பெரிசு. அவர் நினைத்ததைவிடப் பெரிசு, பச்சையில் மஞ்சள் ஏறத் தொடங்கி, உடைந்த ஓட்டுத்துண்டு இரண்டின்மேல் மண் படாமல் உட்கார்ந்திருந்தது. ஓடு தானாக வந்து காய்க்கு அடியில் நுழையாது. கொடி அதற்கு முன்னால் தரையில் ஓடிய இடத்தில், ஒன்று, இரண்டு, மூன்று கணுவில், பிள்ளைகள் மணல்வீடு கட்டுவது போல மண் குவித்து, மேலே அழுத்தி, பக்கத்தில் கொஞ்சமாக ஈரம் காட்டி வைத்திருந்தது. ஒரு குவியலின் ஓரத்தில் வேர் வெளியே தெரிந்தது. வெள்ளை வேர். இதுவும் வெள்ளை. கணுவில் இலை வரும், பூ வரும், சுருள் வரும், இது அவருக்குத் தெரியும். மண் பட்டால் அதே கணு கீழே திரும்பி வேராகிவிடும் என்பது அறுபத்தேழு வயசு வரை அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு கணுவும் முழுக்கொடியையும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டா இருக்கிறது? தலையில் இருப்பது வாலுக்குத் தெரியுமா? கால் போனால் வயிற்றிலிருந்து கால் முளைக்கிற மாதிரி.

"பாத்து. வாளி சரிஞ்சிராம." அவன்தான். லுங்கியும் துண்டுமாக, வேப்பமரத்தடியில், எவ்வளவு நேரமாக நின்றானோ. கிழவனாகிவிட்டான். கன்னம் உள்ளே போயிருந்தது. பலவேசம் அவனைப் பார்க்காமல் காயைப் பார்த்து, "கணுவுல மண்ணு போட்டது யாரு?" என்று கேட்டார். "செவரா போடும்? நான்தான்." "எப்ப?" "உங்க மொதக் கொடி செத்தன்னைக்கு. அக்கா வந்து சொன்னா, அடுத்தது இதுதான் பாத்துக்கோன்னு." ஆக, இவளும் கூட்டு. கத்தியைக் கேட்டுக் கத்துகிறவள், சுவரைச் சுற்றிப் போய்ப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள், எத்தனை நாளாகவோ, எத்தனை வருஷமாகவோ. "ஒம்பது வருசமா இந்த வாசல மிதிக்காத மனுசரு கொடிய மட்டும் அனுப்பி வச்சிருக்கீய. வந்தத வெரட்டவா முடியும்?" என்றான் சங்கிலிபூதம். "நான் அனுப்பல. அதுவா வந்துச்சு." "அதுக்காவது வழி தெரிஞ்சிருக்கே." பலவேசத்துக்குக் காது சூடானது. "நீ வெரல நீட்டி எண்ணுனல்ல? ஏழையும் எண்ணுனல்ல? ஆறு போச்சு." "எண்ணுனேன்," என்றான். "முப்பது வருசம் கண்டக்டரா பஸ்ஸுல தலைய எண்ணுன வெரலு அத்தான். மடக்க வரமாட்டேங்கு." தன் சுட்டுவிரலையே எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டான். அப்புறம் மெதுவாக, "வேற என்னத்தச் சொல்லிப் பேச்ச ஆரம்பிக்க?" என்றான். பலவேசம் மூச்சை இழுத்தார். விடவில்லை. இதுதான். இதற்கு அடுத்து வரப்போவது அதுதான், வேறு என்ன இருக்கிறது வருவதற்கு, ஆரம்பித்துவிட்டான், ஆரம்பித்தால் முடிக்க வேண்டுமே. வேப்பமரத்தில் ஏதோ ஒரு குருவி கத்தி நிறுத்தியது. அவன் தொண்டையைச் செருமினான். "அறுத்திருங்க," என்றான். "இன்னைக்கே அறுத்திருங்க. வேர் புடிச்சிட்டு. நேத்து ஒரு கணுவ லேசா இழுத்துப் பாத்தேன், வரமாட்டேன்னுட்டு."

வாளியிலிருந்து இறங்கினார். கோபத்தில் இறங்கினாரா வேறு எதிலாவதா என்று அவருக்கே பிடிபடவில்லை. தீப்பெட்டியை எடுத்து, குச்சியைக் கிழித்து, கத்தியின் இரண்டு பக்கத்தையும் தீயில் காட்டினார், குச்சி விரலைச் சுடும்வரை. ஞானதுரை சொன்னபடி அழுகலுக்கு ஒரு சாண் மேலே, நல்ல பச்சை இருக்கிற இடமாகப் பார்த்து வைத்தார். கையில் தயக்கம் இருந்தது. அவன் சொன்னதை நம்பி அறுப்பதா? இதோ வாரேன் என்ற அவன் பேச்சை நம்பி மண்டபத்தில் மேளக்காரனுக்கு ஜாடை காட்டியவர்தானே இவர்? இல்லை, அவன் பேச்சை நம்பவில்லை. வேரைக் கண்ணால் பார்த்தார். வேரை நம்பி அறுக்கிறார். அறுத்தார். தண்டு ஒரு வெள்ளரிக்காய் அளவுக்குக்கூட எதிர்ப்பு இல்லாமல் பிரிந்தது. அறுந்த வாயில் ஒரு சொட்டு நீர் திரண்டு, உருண்டு, கீழே விழாமல் நின்றது. அடித்துண்டையும் அதைச் சுற்றியிருந்த வெள்ளையையும் கடுகையும் மண்ணோடு மண்வெட்டியில் அள்ளிச் சாக்கில் கட்டினார். எல்லாம் வந்திருக்காது. வராது. அது அங்கேதான் இருக்கும், அடுத்த மழைவரை, அதற்கடுத்த மழைவரை. இருக்கட்டும்.

பிறகு மறுபடி வாளியில் ஏறி நின்றார். வெயில் சுவருக்கு மேலே நேராக வந்துகொண்டிருந்தது. சுவர் உச்சியில், இந்தப்பக்கமும் இல்லாமல் அந்தப்பக்கமும் இல்லாமல், கொடியின் பெரிய இலை ஒன்று விரிந்து கிடந்தது. அவன் சொன்னது பொய்யென்றால் முதலில் அது சொல்லிவிடும். வேர் பற்றாவிட்டால் ஓரம் மடங்கும், நரம்பு தளரும், மத்தியானத்துக்குள் குடை மடக்கியதுபோலத் தொங்கிவிடும். பார்த்துக்கொண்டே நின்றார். காலையில் இந்த இலை இவர் ஊற்றிய தண்ணீரைக் குடித்தது. இப்போது அந்தப்பக்கத்துக் கரிசலிலிருந்து குடிக்கிறது. குடிக்கிற திசையே மாறிவிட்டது, மேலே போனது கீழே வருகிறது, இலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நரம்பு விடைத்தபடி இருந்தது. பத்து மணிக்கும் இருந்தது. பதினொன்றரைக்கும் இருந்தது. உச்சிமாகாளி வந்து கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, "மயக்கம் போட்டு விழுவீய, உள்ள வாங்க," என்றாள். "இரு." "என்ன சொன்னான் எந்தம்பி?" "ஒண்ணும் சொல்லல." "அம்புட்டு நேரம் பேசுன சத்தம் கேட்டுச்சே?" "பேசுனான். சொல்லல." அவள் நின்று அவரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், போய்விட்டாள். அந்தப்பக்கம் வேப்பமரத்து நிழல் சுருங்கிச் சுருங்கி மரத்தடிக்கே வந்துவிட்டது. சங்கிலிபூதமும் போகவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, காய்க்கு அந்தப்பக்கம் குத்தவைத்து, இவர் பார்க்கிற அதே இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உச்சி வெயில் இலையின்மேல் நேராக இறங்கியது. இலை அதை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. காய் பிழைத்துவிட்டது. தோளில் ஏறிவிடும். கணுவுக்கு மண் போட்டவனுக்குக் கொடி என்ன செய்ய வேண்டுமோ அதைக் கொடி செய்துகொள்ளட்டும். அது வேறு, டீக்கடைக் கணக்கு வேறு.

"வாடல அத்தான்," என்றான் சங்கிலிபூதம்.

"பாத்தேன்," என்றார்.

அவன் வாய் இன்னும் லேசாகத் திறந்திருந்தது. பலவேசம் வாளியை விட்டு இறங்கவில்லை. சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த வாயையே பார்த்தபடி நின்றார்.